முழங்கைத் திண்டு

மூன்று மாதமாகப் பிடரிதான் பேசியது.
ஜெலுத்தோங் கடலோரப் பாதையில்
விளக்குக் கம்பங்களை எண்ணியபடி குனிந்திருப்பேன்;
பதினெட்டாவதில் நிமிர்ந்துவிடுவேன்.

சுங்கை டுவா சைக்கிள் கடையில் சியூ லெங்
திண்டை ஐந்து மில்லிமீட்டர் உயர்த்தினான்.
"அவ்வளவுதானா?"
"பல்லைக் கடிக்காமல் ஓட்டு."

என்னிடமா?
கிளினிக்கில் நாளெல்லாம்
பிறர் வாயைத் திறக்கச் சொல்பவள் நான்.

இன்று விடியுமுன், பாலத்தடியில்
எதிர்க்காற்று.
தாடையைத் தொங்கவிட்டேன்.
தோள்கள் தாமாக இறங்கின.
முழங்கைகள் தூங்கப்போன பிள்ளைகள்போல்
அசையாமல் கிடந்தன.
காற்று என் முதுகின்மேல் ஏறி
வேறு யாரையோ தேடிப் போயிற்று.

கண்ணுக்கு எட்டியதெல்லாம் நாலடித் தார்,
நசுங்கிய நண்டு ஒன்று,
மறுபடியும் தார்.

எத்தனையாவது கம்பம்?
நிமிர்ந்து பார்த்தால்
பத்து மாவோங்.

கடைவாயில் ஒரு கொசு.