வளையத்துக்குப் பின்னால்

அளந்து பார்த்துவிட்டேன்.
கோட்டிலிருந்து பலகைக்குப் பதினைந்து அடி.
தரையிலிருந்து வளையத்துக்குப் பத்து.
பள்ளத்தூரில் இருப்பதேதான்.
பந்தும் அதே எடை.
இருந்தும் என் முதல் பந்து
முன்விளிம்பில் பட்டு
போன வேகத்தில் திரும்பி வந்தது,
கடன் கேட்டுப் போன ஆள் மாதிரி.
இரண்டாவதும் அப்படியே.
மூன்றாவது வளையத்தைத் தொடவே இல்லை.

"ஏசி காத்துடி," என்றாள் உண்ணாமலை.
"தரை வழுக்குது," என்றாள் செரீனா.
காற்றுமில்லை, தரையுமில்லை.
எனக்குத் தெரியும், சொல்லத்தான் வெட்கம்:
அந்தச் சிப்பாயைக் காணோம்.

பள்ளத்தூரில், கிழக்குக் கூடைக்குப் பின்னால்,
பூட்டிக் கிடக்கும் பெரிய வீட்டின் பக்கச் சுவர்.
சுவர்மேல் சுதைச் சிப்பாய்கள் நால்வர்.
தோளில் துப்பாக்கி, நீலச் சட்டை.
மூன்றாமவனுக்கு மூக்கு இல்லை.
கோட்டில் நின்று பார்த்தால்
அவன் முழங்காலுக்கு ஒரு சாண் கீழே வளையம்.
ஏழு வருடமாக நான் குறிவைத்தது கூடையை அல்ல,
அந்த முழங்காலை.
மேற்குக் கூடைக்குத் தண்ணீர்த் தொட்டி;
அதில் ஏதோ கட்சி எழுதி
வெயில் தின்றது போக மிஞ்சிய ஒரு 'ழ'.

இங்கே, திருச்சி சாலைப் பொட்டலில்,
கவிழ்த்த அண்டாவாகப் புதுக் குவிமாடம்.
பத்தாயிரம் நாற்காலி.
வந்தவர்கள் இருநூறு பேர் இருக்கும்,
அவர்களும் சாப்பாட்டு டோக்கன் தருகிற பக்கம்.
பந்து தட்டும் சத்தம்கூட
மேலே போய், யோசித்து, மெதுவாக இறங்கியது.
வளையத்துக்குப் பின்னால் இருட்டு.
அதற்கப்பால் காலி வரிசைகள்.
அதற்கும் அப்பால் வளைந்துகொண்டே போகும் வெள்ளை.
வளையம் ஒரு நிமிடம் என் மூக்கருகே,
மறு நிமிடம் திருமயத்தில்.

கைக்கு எல்லாம் தெரியும் என்கிறார்கள்.
கணக்கெழுதுவதுதான் கை,
தொகையைச் சொல்வது கண்.
கண்ணுக்குச் சாய்ந்துகொள்ள ஒரு சுவர் வேண்டும்.

மூன்றாம் பகுதியில் ஒரு காவலாளி வந்தார்.
ஒளிரும் மஞ்சள் மேலங்கி.
பலகைக்குப் பின்னால் இருபதாவது வரிசையில்
தனியாக உட்கார்ந்து
செருப்பைக் கழற்றினார். செல்போனை எடுத்தார்.
வளையத்தின் இடது காதோரம்
அவர் ஒரு பொட்டாக ஒட்டிக்கொண்டதும்
மொத்த அரங்கமும் சட்டென்று
பள்ளத்தூர் அளவுக்குச் சுருங்கியது.

போட்டேன், உள்ளே.
மறுபடி, உள்ளே.
உண்ணாமலை ஏன் என்று கேட்காமல்
எனக்கே தந்துகொண்டிருந்தாள் பந்தை.
பதினாறு புள்ளிப் பள்ளம் மூன்றாகி, ஒன்றாகி
கடைசி ஒன்பது வினாடியில் வந்து நின்றது.
அவர் ஒரு தடவைகூட ஆட்டத்தைப் பார்க்கவில்லை.

எனக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ.
ஒன்று உள்ளே. சமன்.
பந்தை மூன்று முறை தட்டி நிமிர்ந்தால்
அவர் கால்விரலால் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறார்.
உட்காருங்கண்ணே,
ஒரே ஒரு நிமிசம் உட்காருங்க.
வாய்க்குள்தான் சொன்னேன்.
டீ வந்துவிட்டது போல.
மஞ்சள் பொட்டு படியேறிப் போனது,
என் பதினைந்து அடியையும் கூட்டிக்கொண்டு.

கூடுதல் நேரத்தில் நாலு புள்ளியில் தோற்றோம்.
"ஏசிதான்டி," என்றாள் உண்ணாமலை, பஸ்ஸில்.

மறுநாள் ஆறரைக்குப் பள்ளத்தூர்.
ஈரச் சிமெண்டு. நடுவட்டத்தில் ஒரு நாய்.
மூன்றாமவன் இருந்த இடத்தில் இருந்தான்.
போட்டேன்.
கை இன்னும் குவிமாடத்திலிருந்து திரும்பவில்லை.
பந்து பலகையின் மேல்முனையில் தெறித்து
சுவரில் போய் மோதியது.
ஏழு வருடத்தில் முதல் தடவையாக
குறிவைத்த இடத்திலேயே பட்டது.
முழங்காலிலிருந்து
கொஞ்சம் நீலக் காரை உதிர்ந்தது.