எந்த லைன்?

கவாத்துக் கத்தி பட்டுவிட்டது என்றேன்,
சேரம்பாடி ஆஸ்பத்திரியில்.
போன மாதம், சரிவில் வழுக்கியது.
நர்ஸம்மா நிமிராமலே எழுதிக்கொண்டாள்.

இன்று போலீஸ் ஸ்டேஷன்.
இடுப்புப் படங்கைக்கூட அவிழ்க்காமல் வந்துவிட்டேன்.
"எந்த லைன்?"
சொன்னேன்.
"ஓ, சிலோன்காரங்களா."

திருட்டுக் கேஸென்று இங்கே கூட்டிவந்த
மரியசீலி மகனுக்கு
இடது காது இன்னும் கேட்பதில்லை.

"யாரும்மா அடிச்சது?"

நாக்கு நுனியில் ரொஷான். பதினேழு வயது.
என் உயரத்தைத் தாண்டிய அன்று
கதவில் கரிக்கோடு போட்டுவிட்டு
என்னைத் தூக்கிச் சுற்றியவன்.
அந்தக் கதவுக்குத்தான்
இப்போது நாற்காலியை முட்டுக்கொடுத்துத் தூங்குகிறேன்.

"அடியெல்லாம் இல்ல சார்.
பி.எஃப். புத்தகம் தொலைஞ்சுபோச்சு."

வெள்ளைத்தாளைத் தள்ளினார்.
பெயர், பிரட்டு நம்பர் எழுதினேன்.
"எப்போ தொலைச்சே, அதையும் எழுது."

அங்கேயே நிற்கிறது பேனா.