சுட்டு

பத்தொன்பது வருடமாகச் சேறு கழுவுகிறேன்.
அரை மில்லிமீட்டர் சல்லடையில் தங்கும் புழுக்களை எண்ணி
எரிசாராயத்தில் போட்டு
சீட்டு எழுதி ஒட்டுகிறேன்.
நிலையம் ஏழு. மலாட் கழி. ஆழம் மூன்று மீட்டர்.
அங்கே நான் போனதில்லை.
சேறுதான் வரும், வாளியில்.

இந்த வருடம் விதி மாறிவிட்டது.
படகில் கால் வைப்பவர், வைக்காதவர்,
எல்லோருக்கும் இரண்டு நாள் பயிற்சி.
கணக்குப் பிரிவு கோபர்டேகூட வந்தார்,
சட்டைப்பையில் பேனா கசிந்துகொண்டிருக்க.

பயிற்சி தருகிறவள் வைதேகி தாண்டேல்,
என் மகளைவிட ஒரு வயது கூட இருப்பாள்.
தாராவியில் வளர்ந்த எனக்குத் தண்டல் என்றால்
சாயங்காலம் கதவு தட்டும் வட்டி நோட்டு.
இங்கே அது படகு நடத்துபவர் பெயர்.
இரண்டுமே
திரும்பி வரவேண்டியதைக் கணக்கு வைப்பதுதான் என்று
நினைத்துக்கொண்டேன். சொல்லவில்லை.

முதலில் பலகை.
போகிறவர் பெயர், புறப்பட்ட நேரம், திரும்பும் நேரம்,
எத்தனை மணிக்கு மேல் தேடத் தொடங்குவது.
அழகாக எழுதினேன். சீட்டு எழுதிய கை.

பிறகு மிதவைச் சட்டை.
'கவட்டுப் பட்டையை மாட்டாவிட்டால்
சட்டை மேலே வரும். நீங்கள் வரமாட்டீர்கள்.'
கோபர்டே கூரையைப் பார்த்தார்.
பிறகு அந்தச் சிவப்புச் சுருள் கயிறு:
ஒரு முனை எஞ்சினில், ஒரு முனை ஓட்டுபவன் முழங்காலில்.
அவன் விழுந்தால் எஞ்சின் சாகும்.
சாகாவிட்டால் படகு வட்டமடித்து வந்து
அவனையே வெட்டும்.

கழிமுகத்தில், வற்றம் இறங்கும் நேரம்,
பாஸ்கரைத் தள்ளிவிட்டார்கள்.
பாஸ்கர் ஒரு பழைய பாய்லர் சூட்,
உள்ளே காலி பாட்டில்கள்.
'நீங்கள் சுட்டுகிறவர்,' என்றாள் என்னிடம்.
'கயிறு எடுக்காதீர்கள். உதவி செய்யாதீர்கள்.
கையை நீட்டுங்கள், கண்ணை எடுக்காதீர்கள்.
அவ்வளவுதான்.'

மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில்
சுட்டெழுத்து மூன்று என்று படித்தேன்.
அ, இ, உ.
அது தெரியும், இது தெரியும்,
உது எதற்கு டீச்சர்?
பரீட்சைக்கு, என்றார்.

கைக்கெட்டும் தூரத்தில் இவன்.
கத்தினேன். படகு திரும்பத் தொடங்கியது.
படகு திரும்பத் திரும்ப என் கை எதிர்ப்பக்கம் போனது.
பார்ப்பவர்களுக்கு நான் சுற்றுவதுபோல் இருந்திருக்கும்.
கை மட்டும்தான் அங்கே ஒரே இடத்தில் நின்றது.
ஓர் அலைக்கு இருந்தான், ஓர் அலைக்கு இல்லை.
பக்கத்திலும் இல்லாமல் தூரத்திலும் இல்லாமல்
உவன்.
நாற்பது வருடம் கழித்து
பரீட்சை.

கோபர்டே வாந்தி எடுத்தார்.
என் செருப்பின் மேல்.
குனிந்தேனா, குனியவில்லையா, தெரியாது.
நிமிர்ந்தபோது தண்ணீர் இருந்தது.
ஒரு நீலத் தார்ப்பாய், ஒரு தெர்மாகோல் பெட்டி,
மேலே தாழ்வாக ஒரு விமானம்.
நான் இன்னும் கை நீட்டிக்கொண்டிருந்தேன்,
எதையோ.

நாற்பது நிமிடம் தேடினோம்.
தாண்டேல் திட்டவில்லை.
கரைக்கு வந்து பலகையில் எழுதினாள்:
பாஸ்கர், பதினொன்று இருபது.
அடுத்த கட்டத்தைக் காலியாக விட்டாள்.

மறுநாள் பாஸ்கர் இல்லாததால்
ஓர் ஆரஞ்சு மிதவை.
கோபர்டே மாத்திரை போட்டுக்கொண்டு வந்திருந்தார்.
தோள் மரத்தது, கண் எரிந்தது, மூக்கு அரித்தது.
கொக்கி போட்டு எடுத்து, எல்லோரும் கைதட்டி,
யாரோ தேநீர் ஊற்றிய பிறகு
தாண்டேல் என் முழங்கையைத் தொட்டாள்:
'எடுத்தாச்சு. இறக்குங்கள்.'

திங்கட்கிழமை வாளி வந்தது.
கழுவினேன், எண்ணினேன். முப்பத்திரண்டு புழுக்கள்.
நிலையம் ஏழு. மலாட் கழி.
ஆழம் என்று எழுதிவிட்டு
மூன்று மீட்டர் எழுத
கொஞ்ச நேரம் பிடித்தது.