பூட்டுத் துண்டு

பதினேழு ஆணி, பதினேழு துண்டு.
பெயர் படிக்கத் தெரியாதவர்களுக்காக
நானே வரைந்தவை:
கிளி, கத்தரிக்காய், நகரி பஸ்,
துணியில் இடம் போதாமல் மூன்று காலோடு நின்றுவிட்ட நாய்.
தேஜேஸ்வர் தாளம் வேண்டும் என்றான்.
கையைத் தட்டிக் காட்டினேன்.
தலையாட்டி மறுத்து, கதவைக் காட்டினான்.
அவன் வீட்டில் தாளம் என்றால் பூட்டு.

சுவரில் துறை அனுப்பிய தாள்.
குடிநீர் கொதித்த பின்னும் பத்து நிமிடம்.
கழிவறைக் குவளை அடுப்படி தாண்டக் கூடாது.
திங்கட்கிழமை நகம்.
உள்ளங்கை, விரலிடுக்கு, கட்டைவிரல், மணிக்கட்டு
இருபது எண்ணும்வரை சோப்பு.
எங்கள் இருபது
பத்து தமிழ், பத்து தெலுங்கு.

ஒன்பதாவது விதி:
கண் சிவந்த பிள்ளையை ஐந்து நாள் சேர்க்காதே.

புதன்கிழமை
பீளை கட்டிய கண்ணோடு
அவனை இடுப்பில் வைத்து நின்றாள் வரலட்சுமி.
மெட்ராஸ் ஐ என்றேன்.
கண்ட்ல கலக என்றாள்.
மெட்ராஸை அவள் பார்த்ததே இல்லை.
ஐந்து நாள் என்றால்
தறிக்கூடத்தில் ஐந்து நாள் கூலி.
வாசலில் நீட்டிய என் கை
வாங்கவா தடுக்கவா என்று
தானே முடிவு செய்யாமல் நின்றது.
அவள் கெஞ்சவில்லை.
ரோட்டைக் கடந்தாள்,
எதிர்ப் புங்கமரத்தடியில் இறக்கிவிட்டாள்,
பஸ் ஏறிவிட்டாள்.

புங்கமரம் ஆந்திரா.

தாளை இன்னொரு முறை படித்தேன்.
அவன் உள்ளே வரக் கூடாதுதான்.
நான் வெளியே போகக் கூடாதென்று
எந்த வரியிலும் இல்லை.

சிவப்பு நாற்காலி. தனித் தட்டு. பூட்டுத் துண்டு.
ஆறிய வெந்நீரில் நனைத்த பஞ்சு,
மூக்கோரத்திலிருந்து வெளிப்பக்கம் ஒரே இழுப்பு,
ஒரு கண்ணுக்கு ஒன்று.
திரும்பி வந்து கை கழுவு.
சோறு கொண்டு போ.
கழுவு.
ஈ விரட்டு. மூத்திரம் போக வை.
கழுவு.
மாலைக்குள் பதினொரு தடவை.
விரலிடுக்கு வெடித்து
இரவு ரசத்தில் எரிந்தது.

வியாழன், மேற்பார்வையாளர் செலின் மேடம்.
தொட்டியை முகர்ந்தார், நகங்களைத் திருப்பினார்,
பதிவேட்டில் பதினாறு என்று பார்த்தார்.
பிறகு சன்னலைப் பார்த்தார்.
அது யார் பிள்ளை?
அது ஆந்திரா மேடம்.
பேனாவை மூடினார்.
படியிறங்கும்போது, திரும்பாமல்:
அந்தத் துண்டைத் தனியாத்தானே கொதிக்க வைக்கிற?

திங்களன்று தெளிந்த கண்ணோடு வந்து
எக்கி எக்கித் துண்டை மாட்டினான்.
எனக்கு இடது கண்ணில் மணல்.
தாளின் அடியில் சின்ன எழுத்து:
பணியாளருக்கும் இது பொருந்தும்.

உதவியாளர் பச்சையம்மாவிடம்
சாவியைத் தொடாமல் போட்டேன்.
பள்ளிப்பட்டு பஸ் வரும்வரை
புங்கமரத்தடியில் குந்தினேன்.
சிவப்பு நாற்காலி எனக்குப் பற்றாது.
உள்ளே குழாய் திறந்தது.
ஒன்று, இரண்டு என்று தொடங்கிய பச்சையம்மா
பத்தில் நின்றாள்.
அவளுக்குத் தெலுங்கு வராது.

கொஞ்ச நேரம் தண்ணீர்ச் சத்தம் மட்டும்.

பிறகு பூட்டுக்காரன் குரல்:
ஒக்கட்டி.