காத்தெடுத்தல்

எழுபத்தொன்றாம் ஆண்டுச் செவ்ரோலே.
நாலு சில்லுக்கும் டிரம் பிறேக்.
நிற்கும் என்று சொல்வது மரியாதைக்கு.
முதல் மிதி செய்தி,
இரண்டாவது விண்ணப்பம்,
மூன்றாவதில் ஏதாவது நடக்கலாம்.
மழை பெய்தால் இடப்பக்கம் இழுக்கும்,
அந்தப் பக்கம் யாரோ தெரிந்தவர் நிற்பதுபோல.

ஹமில்டனில் மேல்நகரம் ஒன்று, கீழ்நகரம் ஒன்று.
இடையில் ஒரு பாறைச் சுவர்.
ஊரார் அதை மலை என்பார்கள்.
மலை பார்த்து வளர்ந்தவன் சிரிக்கலாம்,
கிரவல் ஏற்றிக்கொண்டு அதில் இறங்கும்வரை.

பங்குனிக் கடைசி. இறக்கத்தின் அடியில் சிவப்பு விழுந்தது.
மிதித்தேன். மிதித்தேன். மிதித்தேன்.
வெள்ளைக் கோட்டுக்கு அப்பால் மூன்றடி போய் நின்றது.
பிள்ளைவண்டி தள்ளிவந்தவள் என்னைப் பார்க்கவில்லை.
முன்பம்பரைப் பார்த்தாள்.
பிறகு குனிந்து
பிள்ளையின் தொப்பியைச் சரிசெய்தாள்.

அன்றிரவே டிஸ்க் பிறேக்குக்கு ஓடர் கொடுத்தேன்.

பஃபலோவிலிருந்து பெட்டி வந்தது.
முன்சில்லு இரண்டுக்கும் ரொட்டர், கலிப்பர்,
புது மாஸ்டர் சிலிண்டர்,
முன்னுக்கும் பின்னுக்கும் அழுத்தத்தைப் பங்குபிரிக்கிற
பித்தளை வால்வு ஒன்று, சுண்டுவிரல் அளவில்.
மேசையில் வைத்துக் கனநேரம் பார்த்தேன்.
இவ்வளவு போதுமா, பங்கு பிரிக்க?

ஐம்பது மாரியின் உப்புக் குடித்த நட்டுகள்.
நெருப்புக் காட்டினேன், எண்ணெய் விட்டேன்,
பிள்ளைகள் கேளாத தூரத்தில் தூஷணமும் சொன்னேன்.
ஒன்று தலை முறிந்து உள்ளேயே தங்கிவிட்டது.
அதைக் குடைந்தெடுக்கவே ஒரு சனிக்கிழமை.

எல்லாம் பூட்டியாயிற்று. ஆனால்
பைப்புக்குள் காத்திருந்தால் பிறேக் இல்லை.
காத்தெடுக்க இரண்டு பேர் வேணும்,
ஒருவர் மிதிக்க, ஒருவர் கீழே கிடந்து திறக்க.
சீற்றுக்கும் பெடலுக்கும் இடையில்
பலகையை முட்டுக்கொடுத்துத் தனியே பார்த்தேன்.
பலகை வழுக்கியது. எண்ணெய் கண்ணுக்குள்.

இரவுவேலை முடித்துத் தூங்கின இந்திரவதனி
எழும்பி வந்து என் கண்ணைக் கழுவிவிட்டாள்.
தமையனுக்கு அவள்தான் போன் அடித்திருக்க வேணும்.
நான் கேட்கவில்லை.

குகதாசன் வந்தான். பதினான்கு மாதத்துக்குப் பிறகு.
ஒரு பிளாசாவின் பனிக் கொந்தராத்து, ஒன்பதாயிரம் டொலர்,
ஒரு கையெழுத்து.
இதற்குமேல் சொன்னால் நியாயம் என் பக்கம் சாய்ந்துவிடும்.
ட்றக்கை ஒருதரம் சுற்றினான்,
ஏறினான், கதவை அடித்துச் சாத்தினான்.
துரு என் நெற்றியில் உதிர்ந்தது.

தூரத்துச் சில்லில்தான் தொடங்கவேணும். அதுதான் முறை.

"அமத்து."
"அமத்தியாச்சு."
திறந்தேன். ஊறுகாய்ப் போத்தலுக்குள் குமிழ்கள்.
பூட்டினேன்.
"விடு."

அமத்து. அமத்தியாச்சு. விடு.
ஒரு சில்லுக்குப் பத்துத் தரம், பன்னிரண்டு தரம்.
கல்யாண வீட்டிலும் செத்த வீட்டிலும்
இவ்வளவு பேசவில்லை நாங்கள்.

முன்சில்லுக்கு வந்தபோது, தளத்தின் துரு ஓட்டையால்
அவன் சப்பாத்தின் அடி தெரிந்தது.
ஒரு பக்கமாய்த் தேய்ந்திருந்தது.
நான்காவது சில்லில் அவனாகக் கேட்டான்:
"இன்னும் காத்து வருதோ?"
"கொஞ்சம்."

ஓடிப் பார்க்கப் புறப்பட்டேன். அவன் இறங்கவில்லை.
அதே இறக்கம். அதே விளக்கு. சிவப்பு.
பழைய தூரத்திலேயே, பழைய பயத்தோடு மிதித்தேன்.
கோட்டுக்கு ஒரு கார் நீளம் முன்னால்
செவ்ரோலே அறைந்தாற்போல் நின்றது.
பின்னால் மண்வெட்டிகள் ஓடிவந்து மோதின.
சீற்றுக்கு அடியிலிருந்து வழுக்கிவந்தது
ஒற்றைக் கையுறை, இடது.

"என்ர" என்றான்.
பச்சை விழுந்தும் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.
பின்னால் ஹோன் அடித்தார்கள்.

காசைப் பற்றி அவன் எடுக்கவில்லை. நானும்.

வீட்டு முன்னால் இறங்கிக் கதவைப் பிடித்தபடி சொன்னான்:
"பெடல் இன்னும் மெத்தையாக் கிடக்கு.
அடுத்த சனி
இன்னொருக்காக் காத்தெடுக்கவேணும்."

பெடல் கல்லுமாதிரி இருந்தது.

ஓம் என்றேன்.