புதன்கிழமைப் பட்டியல்

மருந்துப் பெட்டிக்குள் நான்கு ஐஸ் பொதிகள்.
அவைதான் என் கடிகாரம்.
கையில் கட்டியிருப்பதைப் பத்து நிமிடம் முந்த வைத்தேன்.
முந்தியது தெரியுமாதலால்
பத்து நிமிடம் கழித்தே நம்புகிறேன்.

நேற்றிரவு பதிவேட்டின் பின்னட்டையில்
அழகாகத்தான் எழுதினேன்:
ஒன்பதுக்கு ஊசி. பதினொன்றுக்கு எடை.
பன்னிரண்டுக்கு மாத அறிக்கை.
சாப்பிட்டபின் மேட்டு வீட்டுச் செவ்வந்தி,
எட்டாம் மாதம், கால் வீங்கியிருக்கிறதாம்.
மூன்றே காலுக்குப் பேருந்து.

ஒன்பது மணி, பூம்பாறை அங்கன்வாடி.
நான், ஆயா, ஒரு பூனை.
ஊரே பூண்டுக் காட்டில் குனிந்திருக்கிறது.
மேற்கே மேகம் கட்டுகிறது;
நனைந்த பூண்டுக்கு நாளைச் சந்தையில் பாதி விலை.
யாரைக் கோபிக்க?

தட்டம்மைக் குப்பி திறந்தால் நான்கு மணி நேரம்.
திறக்காவிட்டால் மாலைவரை பொறுக்கும்.
மனிதரிலும் சிலர் அப்படி.

அறிக்கை கேட்டு
வட்டார அலுவலகம் மூன்று முறை அழைத்துவிட்டது.
செவ்வந்தியின் கால்
ஒருமுறைகூட அழைக்கவில்லை.

பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறினேன்.
படிக்கட்டு வயல்கள், ஈர மண்,
நடுநடுவே மூச்சு வாங்க ஒரு சில்வர் ஓக்.
வாசலில் உட்கார்ந்து பூண்டுத் தாள் கிள்ளிக்கொண்டிருந்தாள்.
"தலைவலி மட்டுந்தாங்க்கா."
நூற்று அறுபதுக்கு நூற்றுப் பத்து.
இன்னொரு முறை பார்த்தேன்.
அதே.

ஆம்புலன்ஸ் கொடைக்கானலிலிருந்து ஏறி வர வேண்டும்.
கீழே குழந்தைவேலின் ஜீப்,
வடுகபட்டிச் சந்தைக்குப் பதினோரு மூட்டை.
ஒன்றும் கேட்கவில்லை அவன்.
ஒவ்வொன்றாக ரோட்டோரம் இறக்கினான்,
தார்ப்பாயை மூட்டைகளுக்குப் போர்த்தினான்,
கம்பளியை அவளுக்கு.
அவனிடமும் ஒரு பட்டியல் இருந்திருக்கும்.

கூட நான் போகவில்லை.
மாமியாரும் கணவனும் போனார்கள்.
ஏழு குழந்தைகள், ஒரு பெட்டி, உருகும் ஐஸ்.
சரியான கணக்குதான்.
சரியான கணக்கு இவ்வளவு நேரம்
தொண்டையில் நிற்குமென்று
பயிற்சி வகுப்பில் யாரும் சொல்லவில்லை.

பன்னிரண்டரைக்குப் பெண்கள் வந்தார்கள்,
நகக்கண்ணில் மண்ணோடு, பூண்டு வாசத்தோடு.
குப்பியின் மேல் நேரம் எழுதித் திறந்தேன்.
ஆறு பிள்ளைகள் அழுதன.
ஏழாவது சிரித்தது, அதன் அம்மா அழுதாள்.
எடை பார்க்க நேரமில்லை; தராசின் தட்டில்
பூனை தூங்கியது.

மூன்றே கால் பேருந்து மூன்று முப்பத்தைந்துக்கு வந்தது.
ஜன்னலோரம் முழங்காலில் வைத்து அறிக்கை எழுதினேன்,
வளைவுக்கு வளைவு எண்கள் சாய்ந்தன.
'தாமதத்துக்கான காரணம்' என்றொரு கட்டம்.
'பூண்டு' என்று எழுதி அடித்தேன்.
மகாலட்சுமி கோயில் வளைவில் சிக்னல் கிடைத்து
செய்தி வந்தது: சேர்த்தாச்சு. பிரஷர் இறங்குது.

பின்னட்டையைத் திருப்பினேன்.
எடை, வரும் புதனுக்கு.
கடைசி வரியில்
என் கண்ணாடி மாற்ற வேண்டும் என்பது,
நான்கு வாரமாக நகர்ந்து வருகிறது.
இந்த முறையும் எழுதினேன்,
போன வாரத்தைவிடக் கொஞ்சம்
பெரிய எழுத்தில்.