இருக்கைகள்: ஐந்து

ஆர்.சி. புக்கில் அப்படித்தான் இருக்கிறது.
எழுதினவருக்கு என்னைத் தெரியாது.

மேல்புறத்து வங்கிக்காரர் வேதமணி
குறைகளை ஒரு தாளில் எழுதியே தந்தார்:
ஏசி குளிராது.
இடப்பக்கக் கண்ணாடி பாதியில் நிற்கும்.
பின்கதவு தூக்கினால் நிற்காது, தலையில் விழும்.
தொண்ணூற்றாறு மாடல். முப்பத்தெட்டாயிரம்.
"ஜீப்பு வாங்கியிருக்கலாம்" என்றான் ஆல்பின்,
ஜீப்பை ஒருநாளும் ஓட்டாதவன்.

எனக்கு அந்த முதுகுதான் பிடித்தது.
கூரை முன்னாலிருந்து வழிந்து வந்து
பின்கண்ணாடியில் சட்டென்று முடிவெடுக்கும் இடம்.
வாலில்லை. டிக்கி என்று தனியாக ஒன்றில்லை.
பின்சீட்டின் காதைப் பிடித்து இழுத்தால்
முன்னால் குனிந்து கும்பிடும்,
ஒரு சின்ன முறி கிடைக்கும்.
எட்டுப் பெட்டி. ஒன்பதாவது எப்படிச் சாய்த்தாலும் ஏறாது,
சக்கரத்துக்கு மேலே புடைத்திருக்கிற இரும்பு விடாது.
ஜப்பானில் யாரோ ஒருத்தர்
காய்கறிப் பையும் குழந்தை வண்டியும் நினைத்து
ஸ்கேல் வைத்து வரைந்திருப்பார்.
மார்த்தாண்டத்துத் தேன்பெட்டிக்கு அளவெடுத்ததுபோல் இருக்கிறது என்று
அவருக்கு யார் போய்ச் சொல்வது.

மாசி. ரப்பர் துளிர்க்கிற நேரம்.
தேன் பூவில் இல்லை,
இலைக்காம்பு முடிகிற இடத்தில்
மூன்று சிறு பருக்கள், அதில்.
ராத்திரி பத்தரைக்கு வாசல்களில் ஈரத்துணி அடைத்து
குலசேகரத்துக்குப் புறப்பட்டேன்.
பாரம் ஏறினதும் வண்டி பின்னால் அமர்ந்துவிட்டது.
லைட்டு ரோட்டை விட்டுவிட்டு
தென்னந்தலைகளைப் பார்த்துக்கொண்டே வந்தது.
ஆற்றூர் கழிந்து ஒரு வேகத்தடை.
தாழ்ந்த வயிறு. சரக்.
ஆறாம் பெட்டியின் துணி கழன்றது சத்தத்தில் தெரிந்தது:
முனகிக்கொண்டிருந்தது
பேச ஆரம்பித்தது.

கூரை விளக்குக்கு மூன்று நிலை.
எப்போதும் எரிவது, கதவு திறந்தால் எரிவது,
எரியவே எரியாதது.
மூன்றாவதை இந்த ராத்திரிக்கென்றே வைத்திருந்தார்கள்.
இருட்டில் மீட்டரின் பச்சை மட்டும் மிச்சம்.
முதல் ஈ வந்து அறுபதின் மேல் உட்கார்ந்தது.
நான் நாற்பதில் போய்க்கொண்டிருந்தேன்.

திருவட்டாறில் போலீஸ்.
கண்ணாடிப் பிடியை இரண்டு சுற்று சுற்றினேன்,
அதற்குமேல் தைரியமில்லை.
"என்ன லோடு?"
"ஈ, சார்."
"எத்தன?"
"நாப்பதாயிரம் இருக்கும்."
சிரித்துக்கொண்டே டார்ச்சை உள்ளே அடித்தார்.
அடித்திருக்கக் கூடாது.
கொட்டு வாங்கின விரலை வாயில் வைத்தபடி
மற்றக் கையால் போ போ என்றார்.
ஆர்.சி. புக் கேட்கவே இல்லை.

தோட்டத்தில் ஒரு ரப்பர்க் கம்பை முட்டுக்கொடுத்து
பின்கதவை நிறுத்தினேன்.
எட்டும் இறக்கி முடிய வெளுத்துவிட்டது.
என் கையில் ஏழு தடிப்பு.
மிச்சம் நின்ற நாலைந்து ஈக்கள்
பின்கண்ணாடியைச் சூடாக்குகிற கம்பிக் கோடுகளில்
கோடு பார்த்து எழுதத் தெரியாத பிள்ளைகள் மாதிரி
ஏறியும் இறங்கியும் நடந்தன.
கதவு திறந்துதான் கிடந்தது.
அவசரமில்லை போலிருக்கிறது.

பங்குனியில் ஸ்பீக்கர் கரகரத்தது.
குழித்துறை சோபிதராஜ் மூடியைக் கழற்றினான்.
உள்ளே உள்ளங்கை அளவு அடை,
வெள்ளை வெளேரென்று, ஆளில்லாமல்.
"அக்கா, இது கம்பெனி பிட்டிங் இல்ல, கேட்டியளா" என்றான்,
ஸ்க்ரூடிரைவர் நுனியில் ஒரு துண்டைக் குத்தியெடுத்துத்
தின்றுகொண்டே.